குச்சிக்கிழங்கும் உலகப் போரும்

சேலம் பக்கத்து நம் பள்ளியின் பின்மதிலை ஒட்டியிருந்த சேகோ (ஜவ்வரிசி) ஆலையின் புளித்த வாடையை அங்கு படித்த நம்மில் எவரும் மறந்திருக்க மாட்டோம். அந்த வாடைக்கும் இரண்டாம் உலகப் போருக்கும் தொடர்பு உண்டு என்று புவியியல் ஆசிரியர் சொன்னபோது, தேர்வில் வராது என்பதால் ஒருவரும் குறித்துக்கொள்ளவில்லை.

மலேயாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் கப்பலேறி வந்துகொண்டிருந்த ஜவ்வரிசி, போர் கிழக்கே பரவியதும் நின்றுபோயிற்று. அதற்கு மாற்றாகவே 1943 வாக்கில் சேலத்தில், குச்சிக்கிழங்கை, அதாவது மரவள்ளியை, தோலுரித்து அரைத்துப் பாலெடுத்து, தொட்டியில் படிந்த ஈரமாவைத் துணித்தூளியில் குலுக்கி மணியாக்கி, எண்ணெய் தடவிய தட்டில் வறுத்துக் களத்தில் காயவைக்கும் தொழில் வேரூன்றியது.

தமிழ் கற்பிக்க மொரீஷியஸுக்கு வந்தபின், அதே போர் இங்கும் இக்கிழங்கை விதைத்திருந்ததை அறிந்தேன். நிலத்தின் பெரும்பகுதியைக் கரும்புக்குக் கொடுத்துவிட்டு, பெரிதும் பர்மா அரிசியை நம்பியிருந்த தீவு இது. 1942 மார்ச் 8இல் ரங்கூன் ஜப்பானியர் கைக்குப் போனபின், கரும்புத் தோட்டங்களின் ஒரு பகுதியில் உணவுப் பயிர் இட்டாக வேண்டும் என்று அரசு கட்டாயப்படுத்த, மக்காச்சோளமும் சர்க்கரைவள்ளியும் மரவள்ளியும் கரும்புக் கொல்லைக்குள் நுழைந்தன. மரவள்ளி இத்தீவுக்குப் புதிதன்று. 1735இல் ஆளுநராக வந்த லா பூர்தொனே, அடிமைகளுக்கு உணவாக அதைப் பயிரிடச் செய்தார்; புயலில் கதிர்கள் சாய்ந்தாலும் மண்ணுக்குள் கிழங்கு தப்பிவிடும். மாஹேபூரில் 1870இல் தொடங்கிய மரவள்ளி பிஸ்கட் ஆலை, கரும்புச் சோகையையே எரித்துச் சுடும் முறைக்குப் பெயர் பெற்றது.

ரங்கூன் வீழ்ந்த அதே நாளில் ஜாவாவில் டச்சுக்காரரும் ஜப்பானியரிடம் பணிந்தனர். ஜாவாவின் மரவள்ளி மாவைக் கொண்டு பசை காய்ச்சிவந்த அமெரிக்கர், 1908இல் சீனாவிலிருந்து பெற்று ஆய்வு வயல்களில் வைத்திருந்த ஒட்டும் தன்மையுள்ள மக்காச்சோள வகையைப் பெருக்கிச் சமாளித்தனர். கிழங்கு கிடைக்காமல் மக்காச்சோளத்துக்குப் போனார்கள் அவர்கள். அரிசி கிடைக்காமல் கிழங்குக்கு வந்தார்கள் இவர்கள்.

ரோஸ் ஹில்லில் என்னுடன் பணியாற்றும் ஆசிரியரின் பாட்டி, அந்தக் காலத்தில் கிழங்குண்டு வளர்ந்தவர். எனக்கு மரவள்ளி பிஸ்கட்டைத் தட்டில் வைத்துவிட்டு, தாம் ஒன்றையும் தொடவில்லை. போருக்குப் பின் நம் பக்கத்தில் ஆலைகள் பெருகியதையும், 1981இல் ஜவ்வரிசி ஆலைக்காரர்களின் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் அமைந்ததையும், 2023இல் சேலம் ஜவ்வரிசி புவிசார் குறியீடு பெற்றதையும் சொன்னேன். பேரன் கிரியோலில் எடுத்துச் சொல்லக் கேட்டிருந்துவிட்டு, "அரிசி கிடைக்கிற ஊரிலுமா இதைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள்?" என்று மட்டும் கேட்டார்.