கப்பலேறி வந்த ஆங்கில மரபுத்தொடர்கள்

ஆங்கில மரபுத்தொடர்களை இடப்பக்கத்திலும் அவற்றின் தமிழ்ப் பொருளை வலப்பக்கத்திலும் எழுதி மனனம் செய்யும் வழக்கம் எங்கள் திருகோணமலை ரியூசன் வகுப்புகளில் இன்றும் மாறவில்லை. பரீட்சைக்கு அது ஓரளவு உதவும். ஆனால் ஒரு தொடர் எந்தச் சூழலில் வரும், யாரிடம் சொல்லத் தகும் என்பவற்றை அந்த ஒற்றை வரி சொல்லித் தராது. துறைமுக நகரத்துப் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல வழி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது என்பது என் எண்ணம். ஆங்கில மரபுத்தொடர்களில் பல, பாய்க்கப்பல் காலத்து மாலுமிகளின் பேச்சிலிருந்து கரையேறியவை. 1795இல் ஒல்லாந்தரிடமிருந்து திருகோணமலையைக் கைப்பற்றிய பிரித்தானியர் 1957 வரை இங்கே கடற்படைத் தளம் வைத்திருந்தார்கள் என்பதை நினைத்தால், அந்தப் பேச்சு நம் கரைக்கும் புதியதன்று.

‘பை அன்ட் லார்ஜ்’ என்ற தொடருக்குப் ‘பொதுவாக’ என்று பொருள் எழுதிக்கொள்கிறோம். காற்று வரும் திசையை இயன்றவரை நெருங்கிக் கப்பலைச் செலுத்துவது ‘பை’. காற்று பின்புறமிருந்து தள்ள ஓடுவது ‘லார்ஜ்’. இரண்டு நிலையிலும் ஒழுங்காக ஓடும் கப்பலைப் பற்றி 17ஆம் நூற்றாண்டு மாலுமிகள் சொன்ன சொற்கள், காலப்போக்கில் ‘எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால்’ என்ற பொருளை ஏற்றன. சோழகம் வீசும் மாதங்களையும் வாடை வீசும் மாதங்களையும் கடலில் கழித்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இதை நீட்டி விளக்க வேண்டியதில்லை. விதிவிலக்குகள் சில இருந்தும் மொத்தத்தில் நிலைமை இப்படித்தான் என்று சொல்லுமிடத்தில் இத்தொடர் பொருந்தும். ‘எப்போதும்’ என்று அடித்துச் சொல்ல வேண்டிய இடத்தில் பொருந்தாது.

‘டேக்கன் அபாக்’ சற்றுச் சிக்கலானது. சதுரப் பாய் கட்டிய கப்பல் ஓடிக்கொண்டிருக்கையில் காற்று திடீரெனத் திசைமாறிப் பாயின் முன்பக்கத்தில் அடித்தால், பாய்கள் பாய்மரத்தோடு ஒட்டிக்கொள்ள, கப்பல் நின்றுவிடும். சில வேளைகளில் பின்னோக்கியும் நகரும். எதிர்பாராத ஒன்றால் ஒரு கணம் பேச்சற்றுப்போவதை இத்தொடர் குறிப்பது இதனால்தான். ஆனால் கொப்பியில் ‘அதிர்ச்சியடைதல்’ என்று எழுதிவைத்திருந்த மாணவி ஒருத்தி, தன் அம்மப்பாவின் மரணச் செய்தியைப் பற்றிய கட்டுரையில் இதைப் பயன்படுத்தியிருந்தாள். இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை. இருந்தாலும் ஆங்கிலக் காதுக்கு அந்த வாக்கியம் இரக்கமற்றதாகவே ஒலிக்கும். கடலில் பாய்மரத்தையே முறிக்கவல்ல விபத்தாக இருந்தது, கரைக்கு வந்தபின் மெலிந்து, ஒருவரின் கடுஞ்சொல்லோ எதிர்பாராத கேள்வியோ தரும் திகைப்பின் அளவுக்குச் சுருங்கிவிட்டது. ஆகவே பிறப்பிடத்தை அறிவது தொடரை நினைவில் நிறுத்த உதவுமேயன்றி, அதன் இன்றைய எடையைச் சொல்லிவிடாது.

கயிறு பற்றிய தொடர்களில் நம் பிள்ளைகள் வழுக்குவதற்குத் தமிழே காரணம். ‘நோ த ரோப்ஸ்’ என்றால் ஒரு வேலையின் நெளிவுசுளிவுகளை அறிந்திருத்தல். எங்கள் ஊரின் பெயரைத் தாங்கி 1817இல் பம்பாயில் தேக்கு மரத்தால் கட்டப்பட்ட ‘டிரிங்கோமலி’ என்ற போர்க்கப்பல் இன்றும் இங்கிலாந்தின் ஹாட்டில்பூலில் மிதந்துகொண்டிருக்கிறது. அதன் படத்தைக் காட்டி, பாய்மரங்களிலிருந்து இறங்கும் கயிறுகளில் எதை இழுத்தால் எந்தப் பாய் அசையும் என்று இருட்டிலும் தெரிந்திருந்தவனே மாலுமி என்று விளக்கினால் போதும். விளக்காமல் விட்டால், கயிறு என்றதும் ‘கயிறு திரித்தல்’ நினைவுக்கு வந்து, யாரோ பொய்யனைச் சொல்கிறார்கள் என்றே மாணவர் எண்ணிக்கொள்வார்.

அந்தக் கயிறு திரித்தலுக்கு நெருங்கிய உறவு ‘ஸ்பின் எ யார்ன்’. கப்பலில் பழைய கயிறுகளைப் பிரித்துத் திரிக்கும் சலிப்பூட்டும் வேலையின்போது மாலுமிகள் நீண்ட கதைகள் சொன்னதால் இத்தொடர் பிறந்தது என்பார்கள். ஆயினும் இரண்டையும் சமமாக வைத்துவிடக் கூடாது. தமிழில் கயிறு திரிப்பவரை நாம் நம்புவதில்லை. ஆங்கிலத்தில் யார்ன் சொல்பவரைச் சுற்றி மகிழ்ச்சியோடு உட்கார்ந்து கேட்பார்கள்.

பிறப்புக் கதைகளிலும் சுத்தமான கயிறு திரிப்பு உண்டு. மேட்டுக்குடித்தனத்தைக் குறிக்கும் ‘போஷ்’ என்ற சொல், இந்தியாவுக்குப் போகையில் கப்பலின் இடப்பக்கத்திலும் திரும்புகையில் வலப்பக்கத்திலும் வெயில் படாத அறை பெற்ற செல்வந்தர்களின் பயணச்சீட்டில் ‘போர்ட் அவுட், ஸ்டார்போர்ட் ஹோம்’ என்பதற்குச் சுருக்கமாக அச்சிட்ட நான்கு முதலெழுத்துகள் என்று பலர் ஓதுவார்கள். அப்படியொரு சீட்டு இதுவரை கண்டெடுக்கப்படவில்லை. அகராதியாளர்களும் இக்கதையை ஏற்பதில்லை.

‘இன் தி ஓஃபிங்’ என்பதை விளக்கக் கோணேசர் கோயில் வளவைவிடச் சிறந்த வகுப்பறை எனக்குத் தெரியாது. அங்கே நின்று பார்க்கையில் நங்கூரமிடும் நீருக்கு அப்பால், கண்ணுக்குத் தெரியும் தொலைக்கடல்தான் ஓஃபிங். அங்கே தென்படும் கப்பல் இன்னும் வந்துசேரவில்லை, ஆனால் விரைவில் வரக்கூடும். எனவே நெருங்கிக்கொண்டிருக்கும் சம்பள உயர்வுக்கோ தேர்தலுக்கோ இது பொருந்தும், பத்து வருடத்துக்குப் பின் நடக்கப்போவதற்குப் பொருந்தாது. ஒன்றின் கடைசி முடிவைக் குறிக்கும் ‘பிற்றர் என்ட்’ என்பதிலுள்ள பிற்றரைக் கசப்பு என்று மட்டும் கொள்ளத் தேவையில்லை; கப்பலின் தளத்தில் நங்கூர வடத்தைக் கட்டும் தறிகளுக்கு ‘பிற்ஸ்’ என்று பெயர், வடம் முழுவதும் ஓடித் தீர்ந்த இடம் அது என்பது பரவலான விளக்கம்.

கடைசியாக, மாணவர்கள் மிக விரும்பிக் கற்கும் ‘த்ரீ ஷீற்ஸ் டு த விண்ட்’. இங்கே ஷீற் என்பது பாயின் கீழ்மூலையை இழுத்துக் கட்டும் கயிறு. மூன்று கயிறுகள் அவிழ்ந்தால் பாய்கள் படபடக்கக் கப்பல் தள்ளாடும், குடிவெறியில் வருபவரைப் போல. நண்பர்களிடையே கேலியாகச் சொல்லத் தகுந்தது; உயர்தரப் பரீட்சைக் கட்டுரையிலோ, சக ஊழியர் ஒருவர் ஏன் வேலைக்கு வரவில்லை என்று மேலதிகாரிக்கு எழுதும் கடிதத்திலோ எழுதத் தகாதது.