வி.டி.ஆர்.எல். தாளில் எண் இருக்கிறதா?

எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்து தவறாமல் எடுத்துக்கொண்டு நலமாக இருந்த காலத்தில் என் உள்ளங்கைகளில் செம்பு நிறப் புள்ளிகள் தோன்றின. அரிப்பும் இல்லை, வலியும் இல்லை. சில நாட்களில் பாதங்களிலும் வந்துவிட்டன. சிபிலிஸ் என்ற பால்வினை நோய் இருக்கிறதா என்று அறியும் வி.டி.ஆர்.எல். ரத்தப் பரிசோதனையைத் தனியார் ஆய்வகம் ஒன்றில் பார்த்ததில் ‘நான்-ரியாக்டிவ்’ என்று தாள் வந்தது. சிபிலிஸ் இல்லை என்று பொருள். ஏதோ மருந்து ஒவ்வாமை என்று களிம்பு எழுதிக் கொடுத்தார்கள். களிம்பு தீர்ந்தது, புள்ளிகள் கூடின.

அரசு மருத்துவமனையின் பால்வினை நோய்ப் பிரிவில் இருந்த டாக்டர் அம்மா அந்தத் தாளை ஒருமுறை பார்த்துவிட்டு மேசை மீது கவிழ்த்து வைத்தார். “கையை விரியுங்கள்” என்றார். ஜன்னல் பக்கம் இழுத்து, புள்ளிகளை விரலால் அழுத்திப் பார்த்தார். பாதங்களையும் பார்த்தார். “தாள் இல்லை என்கிறது, தோல் இருக்கிறது என்கிறது. உங்கள் ரத்தத்தை நீர்த்துப் பார்த்தார்களா?” எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. புதிய சீட்டில் வி.டி.ஆர்.எல்., அதோடு சிபிலிஸ் கிருமிக்கு எதிரான எதிர்ப்பொருளையே தேடும் டி.பி.எச்.ஏ. பரிசோதனை, இரண்டையும் எழுதி, ‘சீரத்தை நீர்த்துப் பார்க்கவும்’ என்று அடிக்கோடிட்டார். சீரம் என்பது ரத்தத்தின் தெளிந்த நீர்ப்பகுதி.

இந்த முறை வி.டி.ஆர்.எல். 1:128, அதாவது 128 மடங்கு நீர்த்த பிறகும் ரியாக்டிவ். டி.பி.எச்.ஏ.வும் பாசிட்டிவ்.

இது எப்படி என்று கேட்டேன். பின்னால் கூட்டம் நின்றபோதும் பொறுமையாக விளக்கினார். வி.டி.ஆர்.எல். பரிசோதனையில் நம் சீரத்தோடு ஒரு கொழுப்புக் கலவையைச் சேர்க்கிறார்கள். ரத்தத்தில் எதிர்ப்பொருள் இருந்தால் அந்தத் துகள்களை ஒன்றோடொன்று பிணைத்துத் திரளச் செய்யும். திரள் தெரிந்தால் ரியாக்டிவ். எதிர்ப்பொருள் அளவுக்கு மீறி இருந்தால் ஒவ்வொரு துகளையும் தனித்தனியே மூடிவிடுகிறது. பக்கத்துத் துகளைப் பிணைக்க இடமில்லை, திரளும் இல்லை. நோய் மும்முரமாக இருக்கும்போதே ‘இல்லை’ என்று தாள் வந்துவிடும். சீரத்தை நீர்த்தால் உண்மை வெளிப்படும். இதைப் புரோசோன் விளைவு என்கிறார்கள். அரிதுதான். ஆனால் நோயின் இரண்டாம் கட்டத்தில், அதிலும் எச்.ஐ.வி. உள்ளவர்களிடம் இதை நினைவில் வைத்திருக்க வேண்டும் என்றார்.

‘எச்.ஐ.வி. இருந்தால் இந்தப் பரிசோதனையையே நம்ப முடியாது’ என்று எங்களிடையே ஒரு பேச்சு உண்டு. அது தவறு. நம்மில் பெரும்பாலானவர்களுக்கு முடிவு மற்றவர்களுக்கு வருவது போலத்தான் வருகிறது. சிலருக்கு எண் எதிர்பார்த்ததைவிட எகிறும், சிலருக்குத் தாமதமாக ரியாக்டிவ் ஆகும், சிலருக்கு ஏறி இறங்கும். மறுபக்கமும் உண்டு. வி.டி.ஆர்.எல். கிருமியை நேரடியாகத் தேடுவதில்லை. அதனால் மலேரியா, தொழுநோய், லூபஸ், கர்ப்பம், ஏன், எச்.ஐ.வி.கூட சிபிலிஸே இல்லாதவருக்கு ரியாக்டிவ் காட்டலாம். அப்படி வருவது பெரும்பாலும் 1:8க்கு மேல் போவதில்லை. ஆனால் எண் சிறியது என்பதற்காக நோய் இல்லை என்றும் தள்ளிவிட முடியாது. அதற்குத்தான் டி.பி.எச்.ஏ. போன்ற இரண்டாவது பரிசோதனை.

கண் மங்குகிறதா, காதில் இரைச்சலா, விடாத தலைவலியா என்று டாக்டர் துருவித் துருவிக் கேட்டார். எதுவும் இல்லாததால், நோய் மூளை நரம்புகளுக்குப் பரவியதா என்று பார்க்க முதுகில் ஊசி போட்டு நீர் எடுக்கவில்லை. பென்சாத்தின் பென்சிலின் 24 லட்சம் யூனிட், இரண்டு புட்டத்திலும் பாதிப் பாதி. எச்.ஐ.வி. இருப்பதால் கூடுதலாகப் போட வேண்டியதில்லை, ஆரம்பக் கட்டத்துக்கு இந்த ஒரு முறை போதும் என்றார். இரவு காய்ச்சலும் குளிரும் வரலாம் என்று முன்பே சொல்லியிருந்தார். வந்தது, மறுநாள் போய்விட்டது. என் மனைவிக்கும் பரிசோதனை, சிகிச்சை இரண்டும் நடந்தன.

உண்மையான சோதனை அதற்குப் பிறகுதான். மூன்றாம் மாதம் 1:64. மருந்து வேலை செய்யவில்லையோ என்று கலங்கிப் போனேன். ஒரு படி ஏறுவதும் இறங்குவதும் ஆய்வகத்திலேயே நேரக்கூடியது, இரண்டு படி இறங்கினால்தான் கணக்கு என்றார் டாக்டர். 128, 64, 32 என்று வர வேண்டும். நமக்கு அது மற்றவர்களைவிட மெதுவாகவும் வரலாமாம். ஆறாம் மாதம் 1:32 வந்தபோதுதான் மூச்சு வந்தது.

இதற்கிடையில் அவசரப்பட்ட உறவினர் ஒருவர் வேறொரு ஆய்வகத்துக்கு அழைத்துப் போனார். அங்கே ஆர்.பி.ஆர். முறையில் பார்த்து 1:64 என்றார்கள். இரண்டு முறைகளும் ஒரே வகைதான் என்றாலும் எண்களை ஒன்றோடொன்று ஒப்பிடக் கூடாது, ஆர்.பி.ஆர். பெரும்பாலும் சற்றுக் கூடுதலாகவே காட்டும். ஒரே முறை, ஒரே ஆய்வகம் என்பதில் அன்றிலிருந்து உறுதியாக இருக்கிறேன். ‘ரியாக்டிவ்’ என்று மட்டும் எழுதிய தாளை வாங்கிக்கொண்டு வருவதில்லை, எண்ணைக் கேட்டு எழுதி வாங்குகிறேன்.

ஓராண்டில் 1:8, பிறகு 1:4. அதோடு நின்றுவிட்டது. குணமான பிறகும் இப்படிச் சிறிய எண்ணில் தங்கிவிடுவது உண்டு. டி.பி.எச்.ஏ.வோ பெரும்பாலும் ஆயுளுக்கும் பாசிட்டிவ்தான். குடலிறக்க அறுவைக்கு முன் அந்தத் தாளைப் பார்த்த செவிலியர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் சுடுகிறது. கோப்பைத் திறந்து 128 முதல் 4 வரை வரிசையாகக் காட்டினேன். அறுவை மருத்துவர் ‘சிகிச்சை பெற்றவர்’ என்று குறித்துக்கொண்டு மேலே போனார்.

ஒருமுறை வந்து போனால் மறுபடி வராது என்பதில்லை. புதிதாகத் தொற்றினாலும் டி.பி.எச்.ஏ. அதே பாசிட்டிவைத்தான் காட்டும்; வித்தியாசம் தெரிவது வி.டி.ஆர்.எல். எண்ணில் மட்டுமே. என் 1:4 அடுத்த முறை 1:8 ஆனால் பதறாமல் மீண்டும் பார்ப்பேன். 1:16 ஆனால் அன்றே டாக்டரிடம் போவேன்.