பழைய ஜிம்னி ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் பராமரித்த அனுபவம்

கரடுமுரடான பாதைகளில் ஓட்டுவதற்கென்றே பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டி ஒன்றை வாங்க முடிவு செய்தபோது, எந்த மாடல் என்பதற்கு முன்பாக எந்த அமைப்பு என்பதைத் தீர்மானித்துக்கொண்டேன். தனியான ஏணிவடிவச் சட்டகம், லோ ரேஞ்ச் (குறைந்த வேகத்தில் அதிக இழுவிசை தரும் கியர்) உள்ள டிரான்ஸ்ஃபர் கேஸ் (எஞ்சின் விசையை முன், பின் அச்சுகளுக்குப் பிரித்தளிக்கும் பெட்டி), முன்னும் பின்னும் இரு சக்கரங்களையும் ஒன்றாக இணைக்கும் திட அச்சு ஆகிய மூன்றும் இருக்க வேண்டும்; பாகங்களும் தட்டுப்பாடின்றிக் கிடைக்க வேண்டும். 1984-இல் அறிமுகமான டொயோட்டா லேண்ட் குரூசர் 70 வரிசை இவற்றுக்குப் பொருந்தினாலும், சேற்றில் சிக்கினால் தனியாளாக மீட்கக்கூடிய எடையையே நான் விரும்பியதால், 1981-இல் வெளிவந்த இரண்டாம் தலைமுறை சுஸுகி ஜிம்னி வகையின் பக்கம் சாய்ந்தேன்.

பார்க்கப்போன வண்டிகளில் கண்ணைக் கவர்ந்தது, உயரம் கூட்டப்பட்டுப் பெரிய டயர்களுடன் நின்ற ஒன்று. அடியில் படுத்துப் பார்த்தபோது சட்டகம் முழுவதும் புதுக் கறுப்பு வண்ணம் பூசப்பட்டிருந்தது. பின்சக்கரத்துக்கு மேலே சட்டகம் வளையும் இடத்தையும் லீஃப் ஸ்பிரிங் கொக்கிகள் பொருந்தும் இடத்தையும் சிறு சுத்தியலால் தட்டினேன்; கணீரென்று ஒலிக்க வேண்டிய இரும்பு மந்தமாக ஒலித்தது. துரு உள்ளிருந்து தின்றுவரும் சட்டகத்தை ஒட்டுப்போட்டுக் காப்பாற்றுவது பெரும் வேலை. எஞ்சினை மாற்றிவிடலாம், கியர்பாக்ஸை மாற்றிவிடலாம், சட்டகத்தை அப்படி மாற்ற முடியாது என்பதால் அதை அங்கேயே விட்டுவிட்டேன்.

கடைசியில் வாங்கியது அலங்காரம் எதுவுமில்லாத, வண்ணம் மங்கிய வண்டி. எஞ்சின் சூடேறுவதற்கு முன்பே பானட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் குளிர்நிலையிலேயே கிளப்பச் சொன்னேன். எண்ணெய் எரிவதைக் காட்டும் நீலப் புகையோ, குளிர்விக்கும் நீர் உள்ளே கசிவதைக் காட்டும் நில்லாத வெண்புகையோ வரவில்லை. பிறகு தளர்ந்த சரளைமண்ணில் முன்சக்கரங்களை அச்சோடு இணைக்கும் ஹப்களைப் பூட்டி, லோ ரேஞ்சில் நேராக மெதுவாக ஓட்டினேன். இச்சோதனையைக் காய்ந்த தார்ச்சாலையில் செய்யக்கூடாது. இவ்வகை வண்டியில் முன், பின் அச்சுகளுக்கு இடையே, சுழற்சி வேறுபாட்டை ஈடுசெய்யும் டிஃபரன்ஷியல் கிடையாது. திருப்பத்தில் இரண்டும் வெவ்வேறு தூரம் சுழல வேண்டியிருக்க, சக்கரங்கள் வழுக்க இடமில்லாதபோது அந்த முறுக்கம் முழுவதும் ஷாஃப்ட்டுகளிலும் கியர்களிலும் ஏறும்.

வீட்டுக்கு வந்ததும் வின்ச் (இழுவைக் கருவி), விளக்கு என்று எதுவும் பொருத்தாமல், முதலில் எல்லா எண்ணெய்களையும் மாற்றினேன். வடிக்கும் பிளக்கைத் தொடுவதற்கு முன் நிரப்பும் பிளக்கைத் தளர்த்திக்கொள்ள வேண்டும். எண்ணெயை வடித்த பிறகு அது திறக்க மறுத்தால் வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். ஒவ்வொரு அச்சிலும் உள்ள டிஃபரன்ஷியலில் ஜி.எல்.-5, கியர்பாக்ஸில் ஜி.எல்.-4 என்று கியர் எண்ணெயைத் தரம் பிரித்தே ஊற்றினேன். ஜி.எல்.-5-இல் கூடுதலாக உள்ள கந்தகச் சேர்மங்கள் டிஃபரன்ஷியலில் சறுக்கியபடி உரசும் ஹைப்பாய்டு பற்களைக் காத்தாலும், சில கியர்பாக்ஸ்களில் கியர் மாறும்போது வேகத்தை ஒத்திசைக்கும் பித்தளை சிங்க்ரோ வளையங்களுக்கு ஒத்துக்கொள்வதில்லை. பிளக்கின் காந்தத்தில் ஒட்டியிருந்த சாம்பல்நிற மாவு இயல்பான தேய்மானம். துண்டுகள் இருந்திருந்தால்தான் கவலை.

அதிக நேரத்தை விழுங்கியது முன் அச்சின் முனையில், சக்கரம் திரும்பும் மூட்டான நக்கிள். அங்கிருந்து கறுப்பாக ஒழுகியதற்குக் காரணம் வெளி சீல் அன்று. அச்சுக் குழாய்க்குள் இருக்கும் உள் சீல் தேய்ந்து, டிஃபரன்ஷியல் எண்ணெய் வந்து கிரீஸைக் கரைத்திருந்தது. வெளி சீலை மட்டும் மாற்றுவோர் ஏராளம், சில மாதங்களில் மீண்டும் ஒழுகும். பிரித்தது பிரித்ததுதான் என்று அந்த மூட்டைத் தாங்கும் கிங்பின் பேரிங்குகளையும் மாற்றினேன். வேகத்தில் ஸ்டீயரிங் நடுங்கியதும் அதோடு நின்றது. இந்த மாடலில் டிரான்ஸ்ஃபர் கேஸ் கியர்பாக்ஸிலிருந்து தனியே தொங்குவதால், அதன் ரப்பர் தாங்கிகளையும் ஷாஃப்ட்டுகளின் வளையும் மூட்டுகளான யுனிவர்சல் ஜாயின்ட்டுகளையும் அப்போதே பார்த்துக்கொண்டேன்.

நீரில் இறங்குவதற்கு முன் டிஃபரன்ஷியலின் காற்றுப்போக்கியான பிரீதரை ரப்பர் குழாய் வழியே எஞ்சின் அறைவரை உயர்த்தினேன். ஓடிச் சூடான அச்சு குளிர்ந்த நீரில் திடீரென்று மூழ்கும்போது உள்ளே காற்று சுருங்கி, அடைபட்ட பிரீதருக்குப் பதிலாக சீல் வழியே நீரை உறிஞ்சிக்கொள்ளும். ஆழமான நீரைக் கடந்து வந்தால் நிரப்பும் பிளக்கைத் திறந்து விரலால் தொட்டுப் பார்க்கிறேன். எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் உடனே மாற்றிவிட வேண்டும்.

டயரின் பள்ளம் ஆழமாக இருக்கிறதே என்று நம்பவும் கூடாது. பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்ணில் முதல் இரண்டு தயாரிப்பு வாரத்தையும் கடைசி இரண்டு ஆண்டையும் குறிக்கும். வயதான டயரில் மணலுக்காகக் காற்றைக் குறைக்கும்போது பக்கச்சுவர் வெடிக்கும் அபாயம் உண்டு என்பதால், நான்கையும் மாற்றிய பிறகே அதைச் செய்யத் தொடங்கினேன். எஞ்சினின் பின்பக்க சீலில் மட்டும் லேசான கசிவு இன்னும் இருக்கிறது. அதற்குக் கியர்பாக்ஸையே இறக்க வேண்டும். கிளட்ச் தேய்ந்து எப்படியும் இறக்கும் நாள் வரும்வரை, வாரந்தோறும் டிப்ஸ்டிக்கைப் பார்த்து எண்ணெய் சேர்த்துக்கொள்கிறேன்.