மழைக் குறியீடு சைபர், ஆனா தண்ணி லாரி வருது

வறட்சி ரிஸ்க் ரிப்போர்ட்னா மாவட்டத்துக்கு ஒரு கலர் அடிச்சுக் குடுத்தா வேலை முடிஞ்சுதுன்னு நெனைக்கறவங்க நெறைய. நான் வேலை பார்த்தது பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுக்காவுல, கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி பக்கம், பஞ்சாயத்து கேரளா, பேச்சு தமிழ். கேரளாவுக்கு வருஷ மழை சராசரியா 3000 மில்லிமீட்டர் பக்கம்னு சொல்லுவாங்க, ஆனா இந்த ஊருக மழை மறைவுல கெடக்கு, அந்த சராசரிய வச்சு இங்க ஒரு குட்டை கூட பிளான் பண்ண முடியாது.

எல்லாரும் நம்பறது எஸ்பிஐ (பேங்க் இல்லீங்க, SPI, Standardized Precipitation Indexங்கற மழைக் குறியீடு, 1993ல வந்தது). குறைஞ்சது 30 வருஷ மழை டேட்டா வேணும், ஒரு இடத்து மழைய அதே இடத்தோட பழைய மழையோட ஒப்பிட்டுப் பார்க்கும். அதனால எப்பவும் காஞ்சு கெடக்கற ஊருக்கும் சைபர், அதாவது நார்மல்னு வந்துரும். நார்மல் வருஷத்துலயே மார்ச் ஏப்ரல்ல லாரித் தண்ணிக்குக் குடத்தோட நிக்கறவங்ககிட்ட போயி இந்த வருஷம் வறட்சி இல்லீன்னு சொல்ல முடியுமா?

ஒரு தென்னந்தோப்புக்காரர் சொன்னாரு, "மழை இல்லீன்னா எப்படியோ சமாளிச்சுக்கலாம் தம்பி, ஆழியாத்துத் தண்ணி வரலீன்னா மரத்த வெட்ட வேண்டியதுதான்". தமிழ்நாடும் கேரளாவும் 1970ல போட்ட பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தப்படி வருஷத்துக்கு 7.25 டிஎம்சி மணக்கடவு தடுப்பணைல கேரளாவுக்கு வரணும். ஆனா அந்தத் திட்டத்து டேம்களுக்கு முக்கியமா தென்மேற்குப் பருவமழைதான், இங்க கெணறும் ஏரியும் ஊறறதுக்கு ஐப்பசி கார்த்திகை மழையும் வேணும். ரெண்டும் ஒரே வருஷத்துல ஏமாத்தினா என்ன ஆகும்னு சேர்த்துக் கணக்குப் போடணும், தனித்தனியா போட்டா ரிஸ்க் சின்னதாத் தெரியும். 2016ல அதான் நடந்துச்சு, கேரளா முழுக்க தென்மேற்கு மழை 34 சதவீதம் கம்மி, வடகிழக்கு 62 சதவீதம் கம்மி, 14 மாவட்டத்தையும் வறட்சின்னு அறிவிச்சாங்க.

மீட்டிங்ல வழக்கமா கேக்கறது "அடுத்த வறட்சி எப்போ?"ன்னு. அது யாருக்கும் தெரியாது. இருபது முப்பது வருஷத்துக்குப் பாலிசி போடறவங்க கேக்க வேண்டியது ரெண்டு மழையும் சேர்ந்து பொய்க்கறதுக்கு எவ்வளவு வாய்ப்பு, அந்த வருஷம் எது கை குடுக்கும்னு. வாய்க்கால நீட்டறது நல்லதுதான், ஆனா டேம்லயே தண்ணி இல்லாத வருஷம் நீட்டின வாய்க்காலும் காஞ்சுதான் கெடக்கும். போர்வெல்ல இன்னும் ஆழமா எறக்கறது எனக்குத் தீர்வாவே தெரியல. முன்ன வருஷத்து மழைய ஏரியிலயும் நெலத்தடியிலயும் புடிச்சு வைக்கறதுதான் அந்த மாதிரி வருஷத்துக்கு மிஞ்சும், அதனால தூர் வாரறத ரிப்போர்ட்ல முதல்ல வச்சோம், கலர் மேப்ப பஞ்சாயத்து வாரியாப் பிரிச்சு கடைசில சேர்த்தோம்.