கணினி இல்லாத காலத்துக் காணொளி

குயீன் இசைக்குழு 1975இல் வெளியிட்ட ‘பொஹீமியன் ராப்சடி’ காணொளியைக் குன்னூரில் அண்ணன் மகளுக்குக் காட்டினேன். இருட்டில் நான்கு முகங்கள். ஒரு முகம் பலவாகப் பெருகி விலகிப் போகும் இடத்தில், “சித்தப்பா, கணினியில் செய்ததுதானே?” என்றாள். இல்லவே இல்லை. கேமராவை அதன் காட்சி தெரியும் திரையை நோக்கியே திருப்பினார்கள். பிம்பத்துக்குள் பிம்பம் பிறந்துகொண்டே போனது. என்ன கற்பனை! ஏறக்குறைய ஆறு நிமிடப் பாட்டு; வானொலிக்கு நீளம் என்றார்கள். பிரிட்டனில் 9 வாரம் முதலிடம்.

குயீனின் பாடகர் ஃபிரெட்டி மெர்க்குரி, நம் ஊட்டியைப் போன்ற மகாராஷ்டிர மலையூரான பஞ்சகனியில் பள்ளி விடுதியில் தங்கிப் படித்தவர். அவர் பியானோ வாசித்த முதல் இசைக்குழுவும் அந்தப் பள்ளியில்தான். அண்ணன் மகளின் பள்ளியிலோ இசை அறை சனிக்கிழமை மட்டுமே திறக்கிறது. மற்ற நாட்களிலும் திறக்கச் சொல்லித் தலைமையாசிரியரைப் பார்க்கப் போகிறேன். குன்னூர்ப் பெற்றோர் யாராவது உடன் வருகிறீர்களா?