எதிரெதிர் பின்கள்

விமானத்துக்குக் கனெக்டர் என்றால் 38999 மூன்றாம் சீரிஸ் (ராணுவத் தரத்தில் வரும் வட்டமான, திருகிப் பூட்டும் கனெக்டர்) என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதிவிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன். பெங்களூருவில் வயரிங் ஹார்னஸ் (கம்பிகளைக் கட்டாகக் கட்டிக் கனெக்டர் போட்டது) செய்யும் ஒரு நிறுவனத்தில் அப்போது நான் புதிது. அந்த 38999 ஒரு சுற்றுத் திருகினால் முழுசாகப் பூட்டிக்கொள்ளும். சரியாகப் பூட்டவில்லை என்றால் சிவப்புப் பட்டை வெளியே தெரியும். அதிர்வில் தானாகக் கழலாது. ஆபீஸ் நெட்வொர்க் கேபிளில் இருக்கும் ஆர்ஜே45 பிளக்கின் பிளாஸ்டிக் நாக்கை நம்பி யார் பறப்பார்கள்?

ஆனால் பூட்டு வேறு, சிக்னல் வேறு. விமானக் கருவிகள் தகவல் அனுப்பும் பழைய முறையான ஏரிங்க் 429 அதிகபட்சம் நொடிக்கு 100 கிலோபிட்தான். எந்தப் பின்னில் போட்டாலும் பெரும்பாலும் ஓடிவிடும். 100 மெகாபிட் ஈதர்நெட்டுக்குக் கேபிளில் இருக்கும் 100 ஓம் இம்பிடன்ஸ் (வேகமான சிக்னலுக்குக் கம்பி காட்டும் மின்தடை) கனெக்டருக்குள்ளும் குலையாமல் தொடர வேண்டும். அதற்காக அந்தக் கனெக்டருக்குள் பொருத்தும் குவாட்ராக்ஸ் தேர்ந்தெடுத்தேன். வெளியே ஓர் உலோக உறை, உள்ளே நான்கு பின். தேர்வு சரிதான்.

பின் பட்டியலில்தான் கோட்டை விட்டேன். ஈதர்நெட்டில் ஒவ்வொரு சிக்னலும் ஒரு ஜோடிக் கம்பியில் போகும். அனுப்ப 1, 2. வாங்க 3, 4. காகிதத்தில் பார்க்க அழகாக இருந்தது. கம்பி அறுபடாமல் இருக்கிறதா என்று பார்த்தபோது மல்டிமீட்டர் நான்கு முறையும் பீப் என்றது. மேஜையில் ஒரு மீட்டர் கேபிளில் லிங்க் வந்தது. முழு நீளக் கேபிளைப் போட்டதும் டேட்டா பாக்கெட்டுகள் உதிர ஆரம்பித்தன. இரண்டு நாள் சாஃப்ட்வேர் ஆட்களோடு சண்டை.

ஓசூரிலிருந்து வரும் சீனியர் டெக்னீஷியன் ஒருவர், கனெக்டர் முகத்தை விளக்கருகே திருப்பிப் பார்த்தார். “தம்பி, 1-ம் 2-ம் பக்கத்து வீட்டுக்காரங்க. ஜோடி எதிர் வீட்டுலதானே இருக்கு?”

குவாட்ராக்ஸில் 1-ம் 3-ம் ஒரு ஜோடி, 2-ம் 4-ம் ஒரு ஜோடி. எதிர்மூலையில் இருப்பதால் ஒவ்வொரு பின்னும் அடுத்த ஜோடியின் இரண்டு பின்களுக்கும் சம தூரம். அங்கிருந்து வரும் இரைச்சல் ஒரு ஜோடியின் இரண்டு பின்னிலும் ஒரே அளவு ஏறி, இரண்டின் வித்தியாசத்தை மட்டும் எடுக்கும் வாங்கும் பக்கத்தில் கழிந்துபோகும். நான் அடுத்தடுத்த பின்களை ஜோடியாக்கி அந்தச் சமநிலையைக் கெடுத்திருந்தேன். பீப்புக்கு இதெல்லாம் எங்கே தெரியும்!

கேபிளின் இரு முனையிலும் இருந்த கருவிப் பெட்டிகளில், சர்க்யூட் போர்டு பக்கக் கம்பிகளை அவர் மாற்றிச் சால்டர் வைத்தார். ராத்திரி முழுக்க ஓடவிட்டோம். காலையில் பிழைக் கணக்கு பூஜ்யம்.

அப்புறம் வரைபடத் திருத்தம். காரணம் என்ற கட்டத்தில் ‘எழுத்துப் பிழை’ என்று போட்டேன். அவர் பேனாவை வாங்கி அதை அடித்துவிட்டு என்னிடமே திருப்பிக் கொடுத்தார். ‘ஜோடி தவறு’ என்று எழுதினேன்.