முதலில் மதீனா: உம்ரா நாட்குறிப்பு

12 நவம்பர் 2024, செவ்வாய். மஸ்கட்

உம்மாவும் நானும் உம்ராவுக்கு, அதாவது மக்காவுக்கான சிறு யாத்திரைக்குப் போகிறோம். அடுத்த விமானத்துக்கு நேரம் கிடக்கிறது. உம்மா தஸ்பீஹ் மணிமாலையை உருட்டியபடியே தூங்கிவிட்டார்.

ஊரில் எல்லாரும் “முதல்ல மக்கா போய் உம்ராவ முடிச்சிருங்க” என்றார்கள். நான் மதீனாவுக்குத்தான் டிக்கெட் போட்டேன். காரணம் உம்மாவின் முழங்கால். மக்காவுக்குப் போக ஜித்தா விமானம் என்றால், மீகாத் என்கிற யாத்திரை எல்லையைத் தாண்டும் முன்பே நிய்யத்து, அதாவது உம்ரா செய்யும் எண்ணத்தை, மனதில் வைத்துவிட வேண்டும். அதன்பிறகு இமிகிரேஷன் வரிசை, பஸ், மக்கா, கஅபாவைச் சுற்றும் தவாஃப், சஃபா-மர்வா குன்றுகளுக்கிடையே நடக்கும் சஃயு எல்லாம் முடிந்து முடி கத்தரிக்கும்வரை இஹ்ராம் என்கிற யாத்திரை நிலையின் கட்டுப்பாடுகள்தான். மதீனாவில் இறங்குகிறவருக்கு அந்த அவசரமில்லை. இறங்கலாம், சாப்பிடலாம், காலை நீட்டிப் படுக்கலாம்.

அதே நாள், இரவு. மதீனா

இளவரசர் முஹம்மது பின் அப்துல் அஸீஸ் விமான நிலையம். இந்த முனையம் 2015இல் திறந்தது. தூண்கள் மேலே போய்ப் பேரீச்ச மட்டையாக விரிகின்றன. உம்மா அண்ணாந்து பார்த்துவிட்டு, “மரம் சரி, குலை எங்கட்டி?” என்றார்.

முன்னால் ஓர் இந்தோனேசியக் கூட்டம். பெண்கள் அத்தனை பேருக்கும் ஒரே பூப்போட்ட துணி. கொடி பிடித்தவர் நகர்ந்தால் வரிசையே நகர்கிறது. ஊழியர்கள் எல்லாரையும் ஹாஜி, ஹாஜி என்றே கூப்பிடுகிறார்கள். இன்னும் உம்ராவே செய்யவில்லையே, இருக்கட்டும்.

கைரேகையில்தான் தாமதம். உம்மா பத்தமடைக்காரி, கோரைப்பாய் முடைந்தே தேய்ந்த விரல்கள். கருவி சிவப்பு விளக்கையே காட்டியது. கவுண்டரில் இருந்த பெண் ஈரத்துணியை நீட்டி, துடைத்து மறுபடி வைக்கச் சொன்னார். கட்டைவிரல் பதிந்தது, சுட்டுவிரல் பதியவில்லை. நாலாவது தடவையில் பச்சை. உம்மா அந்தப் பெண்ணுக்குத் தமிழிலேயே துஆச் செய்தார். அவரும் ஆமீன் சொன்னார்.

வெளியே வாடகைக் கார் கவுண்டரில் முதுகுப்பையோடு வெள்ளைக்கார ஜோடி, கையில் சுற்றுலா ஊரான அல் உலாவின் வரைபடம். 2019இல் சுற்றுலா விசா வந்தபின் இப்படியும் வருகிறார்கள். விமான நிலையம் ஹரம் என்கிற புனிதப் பகுதியின் எல்லைக்கு வெளியே இருப்பதால் முஸ்லிமல்லாதவர்களும் இங்கே இறங்கலாம். அவர்கள் போவது 2008இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த, அங்குள்ள பழைய பாறைக் கல்லறைகளின் இடமான ஹெக்ராவாக இருக்கும். நாங்கள் டாக்சி ஏறினோம். நகரம் பக்கம்தான், பதினைந்து கிலோமீட்டர் வாக்கில்.

14 நவம்பர், வியாழன்

நபிகளாரின் பள்ளிவாசலுக்குள் இருக்கும் ரவ்ழாவில் தொழ, யாத்திரிகர்களுக்கான நுசுக் செயலியில் முன்பதிவு செய்யாமல் முடியாது; பெண்களுக்குத் தனி நேரம். கிடைத்தது, அல்ஹம்துலில்லாஹ். அதைப் பற்றி எழுதப் போவதில்லை.

17 நவம்பர், ஞாயிறு

மக்காவுக்கு ரயில். பஸ்ஸில் போனால் மதீனா பக்கத்து மீகாத்தான துல்ஹுலைஃபாவில் நிறுத்துவார்கள். குளித்து, தொழுது, நிய்யத்து வைக்கலாம். ரயில் அங்கே நிற்காது. அதனால் ஹோட்டலிலேயே குளித்துத் தயாராகி, வண்டி கிளம்பும்போது நிய்யத்து வைத்தோம். 2018இல் திறந்த பாதை, மணிக்கு 300 கிலோமீட்டர் வேகம். ஐந்து நாள் ஓய்வெடுத்த முழங்கால் இப்போது பரவாயில்லை.

22 நவம்பர், வெள்ளி. ஜித்தா

திரும்பும் விமானம் ஹஜ் முனையத்திலிருந்து. தலைக்குமேல் வெள்ளைக் கூடாரங்கள், வரிசை வரிசையாக. டாக்காவில் படித்து வளர்ந்த பொறியாளர் ஃபஸ்லுர் ரஹ்மான் கான் கைவண்ணம். 1983இல் ஆகாகான் விருது வாங்கிய கட்டடம். பக்கச் சுவர் கிடையாது. சூடு கூடார உச்சியிலிருக்கும் திறப்பு வழியே ஏறிப் போய்விடுகிறது. அழகில் மதீனா விமான நிலையம் இதன் பக்கத்தில்கூட வராது. ஆனால் நடை! வந்த அன்றே இவ்வளவு நடந்திருந்தால் உம்மா மக்காவில் சக்கர நாற்காலியில்தான் தவாஃப் செய்திருப்பார். வயதானவர்களைக் கூட்டிப் போகிறவர்கள் மதீனாவிலேயே இறங்குங்கள். ட்ராவல்ஸ்காரர் மக்காதான் முதலில் என்றால் மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள்.

மக்காவின் ஜம்ஜம் கிணற்றுத் தண்ணீர் ஆளுக்கு ஐந்து லிட்டர், அதற்கான அட்டைப்பெட்டியோடு தனியாகத்தான் போட வேண்டும்; சூட்கேசுக்குள் வைத்தால் எடுத்துவிடுவார்கள். உம்மா இப்போதே தெருவில் எந்தெந்த வீட்டுக்கு எவ்வளவு என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டிருக்கிறார். பத்து லிட்டர் எப்படியும் பற்றாது.